வாப்பாவின் லைன்

நேரம் பின்னேரம் ஆறு மணி. சம்மாந்துறைக் கடைத்தெருவையும் நெல் ஆலைகளையும் தாண்டி, வயலுக்குள் இறங்கிப் போகும் ஒரு கிறவல் ரோடு. இரண்டு பக்கமும் வேளாண்மை வெட்டி முடிந்த வெறும் வயல். எங்கேயோ வைக்கோல் எரிகிற மணம். கம்பங்கள் நிற்கின்றன, பல்ப் இல்லை. பொழுது சாய்ந்த பிறகு அந்த ரோட்டில் வருகிற மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மூன்று மாதமாக வருவதில்லை...

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். போன்களைக் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் முகத்தில் அடித்தால் இதைச் சொல்ல வராது.

இது நம் முஸ்தாக்கின் மாமிக்கு நடந்தது. அவனுடைய தகப்பனின் தங்கை, றஸ்னா என்று பெயர். முஸ்தாக் கதை கட்டுகிற ஆள் இல்லை. இதைச் சொல்லும்போது அவன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

றஸ்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்முனையில் இருந்த கல்வீட்டை ஒரே மகள் பஸ்மினாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, கணவன் ஜவுபரோடு இந்த வயலோரத்துச் சிறிய வீட்டுக்கு வந்தவர். நம் பக்கத்தில் அது வழமைதானே. மகளும் மருமகனும் கட்டாரில். கல்முனை வீட்டில் வாடகைக்கு ஆட்கள். அயல் என்று சொல்ல நதீராவின் வீடு மட்டும். அதற்கும் இடையில் ஒரு வாய்க்காலும் ஒரு தென்னந்தோட்டமும்.

ஜவுபர் அக்கரைப்பற்றில் ஓர் உரக்கடையில் வேலை செய்தார். மார்கழி மழை. வயலைக் குறுக்கறுத்துப் போகும் தாம்போதிக்கு, அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு, மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. தினமும் கடக்கிற இடம்தானே என்று மோட்டார் சைக்கிளை இறக்கியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் ஆளை எடுத்தார்கள். சைக்கிளையும் எடுத்தார்கள். போன் கிடைக்கவில்லை.

மையித்தை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்று முஸ்தாக்தான் வாசலில் நின்று சொன்னான். றஸ்னா பார்க்கவில்லை. பஸ்மினாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம், டொக்டர் பிளேன் ஏற விடவில்லை. அவளும் பார்க்கவில்லை.

பிறகு இத்தா. கணவன் போன பெண் நாலு மாதம் பத்து நாள் அதே வீட்டுக்குள் இருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. முஸ்தாக் தன் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினான்.

"அவர் என்ன இந்த ஊட்ட வெச்சிட்டுத்தான் போனவர். இங்கயே இருந்து முடிக்கிறன் மனே" என்றாராம் மாமி.

பகலில் நதீரா வந்து போவாள். இரவில் யாரும் இல்லை. சோறு ஒரு சுண்டு போட்டால் இரண்டு நாளைக்குக் கிடக்கும்.

அந்த வீட்டில் ஒரு பழைய லெப்டொப் இருந்தது. பஸ்மினா படித்த காலத்தில் வாங்கியது. பற்றரி செத்து, வயரில் மட்டும் உயிரோடு இருப்பது. வீட்டுக்கு என்று வைஃபை இருந்ததில்லை. ஜவுபரின் போனில் இருந்துதான் லைன் எடுப்பார்கள். பஸ்மினா கட்டாருக்குப் போகமுதல் அதைச் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த லைனுக்கு அவள் வைத்த பெயர் இங்கிலீசு எழுத்தில் ‘வாப்பா’.

பின்னேரம் ஜவுபர் சந்தியில் பெற்றோல் அடிக்கும்போதே போனில் லைனைத் திறந்துவிடுவார். றஸ்னா இங்கே லெப்டொப்பைத் திறந்து வைத்திருப்பார். திரையின் மூலையில் ஒரு கோடு எழும்பும். இரண்டாகும். பிறகு மகளிடமிருந்து வந்து தேங்கிக் கிடந்த செய்திகளெல்லாம் டிங், டிங் என்று விழும். அதற்குப் பிறகுதான் சைக்கிள் சத்தம் முற்றத்தில் நிற்கும். றஸ்னா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான்.

அவர் போன பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

பங்குனியில் பஸ்மினாவுக்கு நாள் கிட்டியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். நாள் குறித்தார்கள். றஸ்னாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் பஸ்மினா எடுத்துச் சொன்னது இதுதான்:

"உம்மா, எனக்குப் பயமா இரிக்கி. வாப்பாட முகத்தத்தான் பாக்கக் கிடைக்கல்ல. உங்கட முகத்தயாவது பாத்துட்டு உள்ள போகணும்."

முஸ்தாக் கொழும்பில் வேலையில் இருந்தான். சிம் போட்டுப் பாவிக்கிற ரவுட்டர் ஒன்றை வாங்கி, கல்முனையில் லெப்டொப் திருத்துகிற தன் கூட்டாளி ஜெனோசனிடம் அனுப்பினான். ஜெனோசன் நல்ல பையன். கிறிஸ்தவன். முஸ்லிம் வீடுகளின் முறை தெரிந்தவன். லெப்டொப்பைக் கடைக்கு எடுத்துப் போய்த் துடைத்து, உள்ளே கழன்று கிடந்த ஒரு வயரைப் பொருத்தி, ஒப்பரேஷன் நாளன்று பின்னேரம் ஆறு மணிக்கு அந்தக் கிறவல் ரோட்டால் வந்தான்.

தூரத்தில் சைக்கிள் சத்தம் கேட்டபோது றஸ்னாவின் கை தன்பாட்டில் கேத்தலுக்குப் போயிருக்கிறது. பிறகு எடுத்துக்கொண்டார்.

ஜெனோசன் விறாந்தையில் உட்கார்ந்தான். இடையில் கதவும் திரைச்சேலையும். லெப்டொப்பை நதீரா வாங்கி உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ராத்தா, இதுக்கு என்னவிட வயசு கூட. அதட்டிக் கதைக்காதீங்க, போயிடும்" என்றான் வெளியிலிருந்து.

"வாய வெச்சிட்டுச் சும்மா இரி. இது இத்தா இருக்கிற ஊடு" என்றாள் நதீரா.

"ஐயோ, லெப்டொப்பச் சொன்னன் அக்கா."

உள்ளே றஸ்னா சிரித்தாராம். மூன்று மாதத்தில் முதல் தடவை.

லெப்டொப் முனகி முனகி எழும்பியது. காற்றாடி சுழன்றது. ஜெனோசன் வெளியே ரவுட்டர் பெட்டியை உடைத்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா, மூலையில லைன் காட்டுற இடத்தத் தொடுங்க. இப்ப ஒண்டும் இருக்காது. இந்த வயலுக்குள்ள ஆருட லைன் வரப்போகுது. நான் கரண்டு குடுத்தாப் பொறகு ஒரு பேர் வரும்."

றஸ்னா தொட்டார்.

ஒரு பெயர் இருந்தது.

வாப்பா.

பக்கத்தில் ஒரு கோடு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் எதையும் அமத்தாமல், லெப்டொப் அதில் தானாகவே ஏறியது. பழக்கம் விடாத மாடு மாதிரி...

நதீரா அப்போது குசினியில். றஸ்னா அவளைக் கூப்பிடவில்லை.

"இப்ப கரண்டு குடுத்துட்டன். எத்தின பேர் காட்டுது ராத்தா?"

இரண்டு பெயர்கள். மேலே ரவுட்டரின் பெயர், எழுத்தும் இலக்கமுமாக. கீழே அது.

"ஒண்டு" என்றார் றஸ்னா.

"சரி, அத அமத்துங்க. பாஸ்வேர்ட் நான் தந்த தாள்ல இரிக்கி. என்ட நம்பரும் அதிலதான்."

றஸ்னா அமத்தவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, "ஏறிட்டு" என்றார்.

"அதுக்குள்ளயா? ஆளு கெட்டிக்காரி."

ஆண் ஒருவன் அந்தத் திரைச்சேலைக்கு இந்தப் பக்கம் வந்து திரையை எட்டிப் பார்க்கிற வழக்கம் இருந்திருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும். வழக்கம் இல்லை. அவன் கேட்டதை நம்பினான். மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. நதீரா தன் வீட்டுக்குத் தொழப் போனாள். ஜெனோசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சத்தம் வயலுக்குள் மெலிந்து... நின்றுவிட்டது.

ஏன் பொய் சொன்னீர்கள் என்று முஸ்தாக் பிறகு கேட்டிருக்கிறான். "கொஞ்ச நேரம் கிடக்கட்டும் எண்டு நெனச்சன் மனே. வேறொண்டுமில்ல" என்றாராம். மகள் அழைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதுவரைக்கும் அந்தப் பெயர் திரையில் கிடக்கட்டும் என்று ஆசை. அவ்வளவுதான்.

மேசைக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தொழுதார். முடிவில் வலப்பக்கம் சலாம் கொடுத்துத் திரும்பும்போது கண் திரையில் பட்டது.

இரண்டு கோடு.

இடப்பக்கம் சலாம் கொடுத்தார். மீண்டும் பார்த்தார்.

மூன்று.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. நாய் குரைக்கவில்லை. தவளைகூட இல்லை, வெட்டி முடிந்த வயலில் தண்ணீர் ஏது. ஆனால் அறைக்குள் ஒரு மணம் வந்தது. நனைந்த றெயின்கோட் மணம். றப்பரும் சேறும் பெற்றோலும் கலந்தது. மழை பெய்து ஏழு கிழமை ஆகியிருந்தது.

ஏழேகால் ஆயிற்று. மகள் அழைப்பு வரவில்லை. டிங் என்ற சத்தமும் இல்லை. அப்போது பட்டன் போன் அடித்தது. பஸ்மினா.

"உம்மா, எங்க போன நீங்க? நான் எடுத்து எடுத்துப் பாக்கிறன், லைன்ல இல்ல எண்டு வருது. உடுப்பு மாத்திட்டாங்க. இன்னம் பத்து நிமிசத்தில கொண்டு போயிருவாங்க."

"இரிக்கன் மகள். லெப்டொப்புக்கு முன்னாலதான் இரிக்கன்."

"அப்ப ஏன் வருதில்ல?" குரல் உடைந்தது. "உம்மா, எனக்கு உங்களப் பாக்கணும்."

றஸ்னா தாளை எடுத்து ஜெனோசனின் நம்பரை அழுத்தினார். அவசரத்தில் இரண்டு தரம் இலக்கம் பிழைத்தது. அவன் சைக்கிளை ஓரமாக நிறுத்தி எடுத்தான்.

"ராத்தா?"

"லைன் ஏறி நிக்கிது தம்பி. ஆனா ஒண்டும் வருதில்ல."

"எந்தப் பேர்ல நிக்கிது எண்டு வாசிங்க."

அவர் விரலை அந்தப் பெயரின் மேல் வைத்தார்.

"ராத்தா, பேர வாசிங்க."

"வாப்பா எண்டு போட்டிரிக்கி."

ஜெனோசன் சைக்கிள் எஞ்சினை நிறுத்தினான். அந்த லெப்டொப்பைத் திருத்தியவன் அவன். சேர்த்து வைத்திருந்த பெயர்களில் அதைப் பார்த்திருந்தான். யாருடையது என்றும் முஸ்தாக்கிடம் கேட்டுத் தெரிந்திருந்தான்.

"ராத்தா... எத்தின கோடு?"

"நாலு."

"போன்ல இருந்து வாற லைன் தூரத்துக்கு எட்டாது. உங்கட வேலி மட்டும்தான். கதவப் பூட்டிட்டீங்களா?"

"இப்ப அஞ்சு."

"அஞ்சு எண்டா..." அவன் நிறுத்தினான். "அஞ்சு எண்டா அந்த போன் மேசைக்குக் கிட்டக் கிடக்கணும் ராத்தா."

றஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன இருந்திருக்கும் என்று முஸ்தாக் கேட்டிருக்கிறான். கழுத்துக்குப் பின்னால் குளிர் இருந்தது என்று மட்டும் சொன்னார். பயக் குளிர் இல்லையாம். ஈர உடுப்போடு ஒரு ஆள் கிட்ட நின்றால் வருகிற குளிர்.

"தம்பி, இது நிக்கக்குள்ள மற்ற லைன்ல ஏறலாமா?"

"ஏற்றலாம். ஆனா அது திரும்பத் திரும்ப இதுக்குத்தான் பாயும். பழைய பேர் உள்ள இருந்தா அப்படித்தான். அத எடுத்துடுங்க. பேருக்கு மேல அம்புக்குறிய வெச்சு வலப்பக்க பட்டன அமத்துங்க, நீக்கு எண்டு ஒண்டு வரும். அத அமத்தினா இனி அது தானா ஏறாது."

"இனி ஏறாதா?"

"பாஸ்வேர்ட் அடிச்சாத்தான் ஏறும்."

பட்டன் போனில் இன்னொரு அழைப்பு இடையில் வந்து விழுந்தது. மகள். நின்றது. திரும்பவும் விழுந்தது.

றஸ்னா போனை மேசையில் வைத்தார். ஜெனோசன் துண்டிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தான். அவர் பேசியது தன்னிடம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. வீட்டு மனிதரிடம் பேசுகிற குரல். மெதுவாக...

"மகள் கூப்பிடுறா. உள்ள எடுக்கப் போறாங்களாம். கொஞ்சம் விலகிக்கங்க."

கோடுகள் குறையவில்லை. ஐந்து. அப்படியே நின்றன.

"நான் உங்களப் பாக்கல்ல. என்னப் பாக்க விடல்ல. அவளாவது என்னப் பாக்கட்டும்."

ஐந்து.

றஸ்னா வலப்பக்க பட்டனை அமத்தினார். நீக்கு என்று வந்தது. அதையும் அமத்தினார்.

ஏறி நின்ற லைன் கழன்றது. பிறகு தாளைப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ரவுட்டரின் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். டிங். டிங் டிங் டிங். மூன்று மாதத்துச் செய்தி ஒரே மூச்சில் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மகளின் முகம் வந்தது. தலையில் பச்சைத் தொப்பி, கையில் ஊசி வயர்.

"உம்மா மெலிஞ்சிட்டீங்க" என்றாள் பஸ்மினா.

"நீ வந்து ஆக்கித் தா, உடம்பு வெக்கிறன்" என்றார் றஸ்னா.

இருவரும் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும். தள்ளிக்கொண்டு போகிற கட்டிலில் இருந்தபடியே பஸ்மினா போனைப் பிடித்திருந்தாள். கதவு வரைக்கும் உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனாள். இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது, ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

பேய்க் கதை என்றால் இதோடு முடிக்கலாம். முடியவில்லை...

அடுத்த நாள் மஃரிபுக்குப் பிறகு றஸ்னா லெப்டொப்பைத் திறந்தார். ரவுட்டரின் பெயர். அதற்குக் கீழே மற்றது. இப்போது அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். ஐந்து கோடும் இருந்தன. ஏறவில்லை. கேட்காமல் உள்ளே வர முடியாத ஆள் வாசலில் நிற்கிற மாதிரி நின்றது. இஷாத் தொழுகை நேரம் வரை நின்றுவிட்டு, கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இல்லாமல் போனது. தாம்போதிப் பக்கம்தான் போகிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்தது.

தினமும் அப்படி. பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியும். பஸ்மினா பிறந்த தேதி. ஒருநாள் நாலு இலக்கம் அடித்துவிட்டாராம். அந்த நேரம் பேரப்பிள்ளையைக் காட்ட மகள் எடுத்தாள். மகள் எடுப்பதே அந்த நேரத்தில்தான், மருமகன் வேலைக்குப் போன பிறகு. ஒரு லெப்டொப் ஒரு நேரத்தில் ஒரு லைனில்தான் நிற்கும். அடித்த இலக்கங்களை அழித்துவிட்டு மகளை எடுத்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. கோடு ஒன்று குறைந்தது.

நாலு மாதம் பத்து நாள் முடிந்தது. றஸ்னா குளித்து, வெள்ளை உடுப்பை மடித்து வைத்தார். கல்முனை வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள், பஸ்மினா பிள்ளையோடு வரப்போகிறாள். முஸ்தாக் வேன் கொண்டுவந்தான். லெப்டொப்பை மாமி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். வேன் ஏறும்போது ஒரு தரம் திரும்பி, வெறும் வீட்டைப் பார்த்து, "போயிட்டு வாறன்" என்றார். முஸ்தாக் அதைக் கேட்டான்.

கல்முனையில் எத்தனையோ லைன் காட்டியது. பக்கத்து வீடு, பின் வீடு, கடைகள். தேடுகிற பெயர் ஒருநாளும் வரவில்லை. அவர் தேடினார், அதை முஸ்தாக்கிடம் மறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் இரவு நதீரா எடுத்தாள்.

"மச்சி, உங்கட ஊட்ட ஆரும் வந்து இருக்காங்களா?"

"இல்லயே. திறப்பு என்ட்டத்தானே இரிக்கி."

"இல்ல... மகளுக்குப் புது போன் ஒண்டு எடுத்துக் குடுத்த நாங்க. பின்னேரத்தில உங்கட வேலிப் பக்கம் போனா ஒரு லைன் காட்டுதாம். நானும் போய்ப் பாத்தன். உங்கட ஊட்டுக்குள்ள இருந்துதான் மச்சி வருது. கதவுக்குக் கிட்டப் போனா அஞ்சு கோடும் வருது."

றஸ்னா போனோடு எழுந்து முற்றத்துக்கு வந்தார்.

"இஷாக்குப் பொறகு போயிருதா?"

"முந்திப் போறது. இப்ப போறல்ல. விடிய விடிய நிக்கிது."

"புள்ளையத் தொட விடாதீங்க" என்றார் றஸ்னா. "தொட்டாலும் ஒண்டும் ஆகாது. அது பாஸ்வேர்ட் கேக்கும். என்னத் தவிர ஆருக்கும் ஏறாது."

"ஓம் மச்சி, கேட்டதுதான். நாங்க கண்ட நாள்ல இருந்து கேட்டுக் கேட்டுத்தான் நிண்டது." நதீராவின் குரல் தாழ்ந்தது. "நேத்தில இருந்து கேக்குதில்ல. பூட்டு இல்ல மச்சி. சும்மா திறந்து கிடக்கு."